இரண்டாவது மலையில் திரும்பி வந்தோம்

டோக்கியோ விமான நிலையத்தில் என் மகள் எனக்குக் கை கொடுத்தாள்.

கட்டிப்பிடிக்கவில்லை. "அப்பா" என்று கூப்பிடவில்லை. இடது கையில் சின்ன மஞ்சள் கொடி ஒன்றைப் பிடித்தபடி வலது கையை நீட்டி, "வணக்கம் ஹெர் நல்லதம்பி, பயணம் சுகமாக இருந்ததா?" என்று 'திரு' போட்டுச் சுத்தமான ஜேர்மனில் கேட்டாள். "நன்றாக இருந்தது, நன்றி" என்றேன். அவளை நேரில் பார்த்து ஒன்றரை வருடமாகியிருந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தாள். இன்னும் ஒரு கணம் கையைப் பிடித்திருக்கலாம் என்று நினைப்பதற்குள், எனக்குப் பின்னால் நின்ற அம்மையார் தன் கையை நீட்டிவிட்டார்.

இது எங்களுக்குள் முன்பே பேசி முடித்த ஏற்பாடு. மதுரா பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படித்தவள். டோர்ட்மண்டில் எங்கள் ஆட்களிடம் அதைச் சொன்னால், "அதைப் படிச்சு என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். படித்து முடித்ததும் ஜப்பானுக்கே போனாள். ஒரு ஹோட்டலில் வேலை செய்தாள். பிறகு, ஜேர்மன்காரரை ஜப்பானின் புனித மலைகளுக்குக் கூட்டிப்போகும் பயண நிறுவனம் ஒன்று அவளை வழிகாட்டியாக எடுத்துப் பார்க்கச் சம்மதித்தது. இதுதான் அவளுடைய முதல் குழு. நல்லபடி முடிந்தால் அடுத்த கோடைக்கும் வைத்துக்கொள்வார்கள். புறப்படும் நேரத்தில் குழுவில் ஒருவர் வர முடியாமல் போக, மேலாளரிடம் கேட்டுவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"வாறதெண்டா வாங்கோ அப்பா. ஆனா குறூப்பில நீங்கள் எனக்கு அப்பா இல்லை. முதல் தரமே தேப்பனைக் கூட்டிக்கொண்டு வந்திட்டாள் எண்டு ஆக்கள் நினைக்கக் கூடாது. உங்களுக்கு ஏலுமோ?"

"ஓம்" என்றேன். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

பெயர் எங்களைக் காட்டிக்கொடுக்காது. எங்கள் வழக்கப்படி அவளுடைய குடும்பப் பெயர் என் பெயர். என்னுடைய குடும்பப் பெயர் என் தகப்பனுடைய பெயர். ஜேர்மன் அலுவலகங்களில் இருபது வருடமாக நான் விளக்கிக் களைத்த இந்தக் குழப்பம் முதல் முறையாகப் பயன்பட்டது. கஷ்டமாக இருந்தது வேறு விஷயம். பிறந்த நாளிலிருந்து "நீ" என்று கூப்பிட்ட பிள்ளையை ஜேர்மனில் மரியாதையாக "நீங்கள்" என்று கூப்பிட வேண்டும். முதல் நாள் முழுவதும் நான் அவளோடு வினைச்சொல் இல்லாமலே பேசினேன். "தண்ணீர்?" "ரயில்?" "இடது பக்கமா?"

என் மனைவி ரதி வரவில்லை. சிறுவர் காப்பகத்தில் வேலை. "எனக்கு லீவு கிடைக்கேல்லை. நீங்கள் போங்கோ. போய்ப் பிள்ளை ஒழுங்காச் சாப்பிடுதோ எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பிவைத்தாள்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை நான் மதுராவிடம் சொல்லவில்லை. என்னை ஜேர்மனிக்கு எடுப்பித்தது என் அண்ணை. பிறகு அவர் கனடாவுக்குப் போய் ரொறன்ரோவில் குடும்பமானார். கொரோனாக் காலத்தில் அங்கேயே இறந்தார். விமானம் ஓடவில்லை. டோர்ட்மண்டில் எங்கள் சமையலறை மேசையில், கைத்தொலைபேசியை ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் சாய்த்து வைத்துத்தான் அவருடைய செத்தவீட்டைப் பார்த்தேன். ஐயர் வாயைத் திறந்த இடத்தில் படம் உறைந்து நின்றது. மறுபடி அசைந்தபோது பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். மதுரா அனுப்பிய பயணக் குறிப்பில் இரண்டாவது மலையைப் பற்றி எழுதியிருந்தது: அது இறந்தவர்களின் மலை, உச்சியில் போய் அவர்களை வணங்குவார்கள். நான் பெரிய பக்திமான் இல்லை. டோர்ட்மண்டில் ட்ராம் ஓட்டுகிறவன். ஆனால் அந்த உச்சியில் நின்று ஒரு தரம் அண்ணையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அந்த வரியை வாசித்த உடனே முடிவு செய்துவிட்டேன்.

முதல் நாள் வடக்கே ரயிலில் போனோம். ஜப்பான் கடலை ஒட்டி ஓடும் பாதை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பக்கம் பச்சை வயல்; மறு பக்கம் சாம்பல் நிற அலை. மடியில் பெட்டிச் சாப்பாடு: சோறு, ஒரு துண்டு மீன், ஊறுகாய் போல ஏதோ இளஞ்சிவப்பாக. நடுவழியில் ரயில் நின்றது. காற்று பலம், பாதுகாப்புக்காக நிறுத்தியிருக்கிறோம் என்று அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நடத்துநர் பெட்டிக்குள் வந்து, தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

"நம் நாட்டில் ரயில் நிற்கும் ஒவ்வொரு தரமும் குனிய வேண்டுமென்றால், எந்த நடத்துநருக்கும் முதுகெலும்பு மிஞ்சாது" என்றார் ஹெர் வோக்ட்.

இவர் மியூனிக் பக்கத்துக்காரர். பாலம் கட்டும் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆல்ப்ஸ் மலையில் ஏறாத சிகரம் குறைவு. அவருடைய கைத்தடியில் ஏறிய இடங்களின் சின்னங்களைத் தகடு தகடாக அடித்து வைத்திருந்தார். என்னோடு நன்றாகப் பேசினார். எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். "இரண்டாவது மலையின் உச்சிக்காக" என்றேன். "நானும்தான்" என்று என் தோளில் தட்டினார்.

எனக்குப் பக்கத்தில் ஃபிராவ் லிண்ட்னர். விமான நிலையத்தில் கையை நீட்டிய அம்மையார். எழுபதைத் தாண்டியவர், பூக்கடை வைத்திருந்தவர். என்னையும், முன்னால் கொடியோடு நின்ற மதுராவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கள் இருவரும் ஒரே நாடா?" என்று கேட்டார்.

"ஒரே ஊர்" என்றேன். "டோர்ட்மண்ட்."

மதுரா கொடியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் மலையடிவாரத்தில், மலைவழி காட்டும் சாத்தோ-சான் எங்களைச் சந்தித்தார். ஐம்பது வயதுப் பெண். மற்ற நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைப்பவர். மலைக்கு வரும்போது யமபுஷி. மலையிலே தங்கித் தவம் செய்யும் பழைய கூட்டத்தை அப்படிச் சொல்வார்கள். வெள்ளை உடுப்பு, இடுப்பில் கயிறு, கையில் பெரிய சங்கு. எங்களுக்கும் வெள்ளைச் சட்டை தந்தார். அவர் சொல்லச் சொல்ல மதுரா ஜேர்மனில் சொன்னாள்:

"இது இறந்தவர்களுக்கு உடுத்தும் உடுப்பு. இதைப் போட்டுக்கொண்டு மலைக்குள் போனால் நீங்கள் இறந்தவர்கள். முதல் மலை இந்த வாழ்க்கை. இரண்டாவது மலை சாவு. மூன்றாவதில் திரும்பப் பிறப்பீர்கள். அதுவரை உங்களுக்கு ஒரே ஒரு சொல்தான். நான் எதைச் சொன்னாலும் 'உகெதமோ' என்று பதில் சொல்லுங்கள். 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று அர்த்தம்."

"ஏற்றுக்கொள்ளாவிட்டால்?" என்றார் வோக்ட்.

மதுரா அதை மொழிபெயர்த்தாள். சாத்தோ-சான் சிரித்தபடி என்னவோ சொன்னார். "அப்போதும் உகெதமோதான்" என்றாள் மதுரா.

சங்கு ஊதினார். எங்கள் ஊரில் செத்தவீட்டில் கேட்கும் அதே சத்தம். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஹகுரோ என்ற அந்த முதல் மலை முழுவதும் கல் படிகள். இரண்டு பக்கமும் வானம் தெரியாத அளவுக்கு உயர்ந்த தேவதாரு மரங்கள். அடியில் ஐந்து அடுக்குக் கோபுரம் ஒன்று, ஆணி தெரியாத மர வேலை, சாயம் பூசாமல் மரத்தின் நிறத்திலேயே நிற்கிறது. எங்கள் கோபுரங்கள் தூரத்திலிருந்தே கூப்பிடும். இது பக்கத்தில் போகும்வரை மரங்களுக்குள் இன்னொரு மரம் போல ஒளிந்திருந்தது. நடுவழித் தேநீர்க் கடையில் இடித்த அரிசி உருண்டையைப் பயற்றங் கூழில் போட்டுத் தந்தார்கள். கொழுக்கட்டையை உட்புறம் வெளியே வரத் திருப்பிப்போட்டது போல. நான் இரண்டாவது தட்டு வாங்கினேன்.

மேலே கோயிலில் மணிக் கயிற்றை இழுத்து, குனிந்து, கை தட்டிக் கும்பிட்டோம். மூன்று மலைத் தெய்வங்களும் அங்கே ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறார்கள். பனிக்காலத்தில் மற்ற இரண்டு மலைக்கும் போக முடியாது, அதற்காக அந்த ஏற்பாடு என்றாள் மதுரா. தெய்வங்களையே குளிருக்கு ஒரு வீட்டில் சேர்த்து வைத்தது எனக்குப் பிடித்தது.

அன்று பின்னேரம் யாத்திரிகர் விடுதியில் சாப்பாடு. மீன், இறைச்சி எதுவும் இல்லை. எள்ளை அரைத்துக் கட்டியாக்கிய ஒரு பதார்த்தம், மலைக் கீரை, இளம் மூங்கில் குருத்து, சோறு. ரதி தொலைபேசியில் வந்தாள்.

"பிள்ளை சாப்பிட்டதோ?"

"சாப்பிடுறா. எல்லாருக்கும் வந்ததோ எண்டு பாத்திட்டுக் கடைசியாத்தான் சாப்பிடுறா."

"நீங்கள் கதைச்சனீங்களோ?"

"உப்பு எங்கை எண்டு கேட்டனான்."

ரதி பெருமூச்சு விட்டாள்.

மூன்றாம் நாள் கஸ்ஸான். இறந்தவர்களின் மலை. ஒடுங்கிய பாதையில் பேருந்து பாதி உயரம் வரை ஏறுகிறது. எதிரே இன்னொரு பேருந்து வந்தபோது எங்கள் சாரதி வளைவு வளைவாகப் பின்னோக்கிப் போனதைப் பார்த்து, தண்டவாளத்தில் ஓடும் தொழில் எனக்குத் தந்த நிம்மதியை நினைத்துக்கொண்டேன். இறங்கியதும் ஈரப் புல்வெளி. பலகை நடைபாதை. மஞ்சள் பூக்கள். கோடையிலும் சரிவுகளில் வெள்ளைப் படுக்கையாகப் பனி. பிறகு பலகை முடிந்து பாறை தொடங்கியது. பாறையோடு மூடுபனியும் வந்தது.

ஃபிராவ் லிண்ட்னர் மெதுவாகத்தான் ஏறினார். கால் நடுங்கியது. "உகெதமோ, உகெதமோ" என்று மூச்சு வாங்கியபடி ஒவ்வொரு பாறைக்கும் சொன்னார். நான் அவருக்குப் பின்னால் நடந்தேன்.

உச்சிக்கு முந்திய குடிசையில் சூடாகத் தேநீர் கிடைத்தது. குடிசைக்காரர் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து சாத்தோ-சானிடம் ஏதோ சொன்னார். காற்று மாறிவிட்டது, இடி வரலாம். அதன்பின் சாத்தோ-சான் மதுராவோடு நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார். அவர் என்ன சொன்னார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. பிறகு மதுராதான் சொன்னாள். "எனக்கு மலையைத் தெரியும். உன் ஆட்களை உனக்குத்தான் தெரியும். நீ சொல்."

மதுரா எழுந்து நின்றாள். "நாங்கள் இங்கிருந்து திரும்புகிறோம்" என்றாள்.

வோக்ட் கோப்பையைக் கீழே வைத்தார். "உச்சி இதோ இருக்கிறது. ஏறக்கூடியவர்கள் ஏறட்டும். மற்றவர்கள் இந்தக் குடிசையில் இருக்கட்டும்."

"இடி வந்தால் மலையில் இரண்டு இடத்தில் ஆட்கள் இருப்பார்கள். சாத்தோ-சானுக்கு ஜேர்மன் தெரியாது. நான் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும். குழுவைப் பிரிக்க மாட்டேன்."

"வந்தால்! வராவிட்டால்? பாதி உலகத்தைக் கடந்து இதற்காகத்தான் வந்தோம். கையை உயர்த்துங்கள், யாருக்கு மேலே போக வேண்டும்?"

சில கைகள் உயர்ந்தன. சில உயரவில்லை. வோக்ட் என்னைப் பார்த்தார். "ஹெர் நல்லதம்பி, நீங்கள்தானே சொன்னீர்கள், உச்சிக்காகத்தான் வந்தேன் என்று."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மதுரா மட்டும் பார்க்கவில்லை. கொடியைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு வெளியே பார்த்தேன். பாதை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் எங்கோ உச்சி. எனக்குக் கால் வலி இல்லை, மூச்சு முட்டவில்லை, நான் போகலாம். அண்ணையின் பெயர் வாய்க்குள் வந்து நின்றது.

"உகெதமோ" என்று மதுராவைப் பார்த்துச் சொன்னேன்.

"உகெதமோ" என்றார் ஃபிராவ் லிண்ட்னர். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வோக்ட் சொல்லவில்லை. தடியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கீழே இறங்கத் தொடங்கினார்.

இறக்கம்தான் கடினம். பாறை நனைந்து சவர்க்காரம் போல வழுக்கியது. ஒரு திருப்பத்தில் ஃபிராவ் லிண்ட்னரின் கால் சறுக்கியது. அவர் பக்கவாட்டில் சாய, கீழே இருந்து திரும்பிப் பார்த்த மதுரா கத்தினாள்:

"அப்பா! பிடியுங்கோ! பிடியுங்கோ!"

அவருடைய பையின் வாரையும் கையையும் சேர்த்துப் பிடித்தேன். இரண்டு பேரும் தொப்பென்று பாறையில் உட்கார்ந்தோம். என் முழங்கால் உரசியது. அவருக்கு ஒன்றுமில்லை. கண்ணாடி மட்டும் மூக்கின் நுனிக்கு வந்திருந்தது. மதுரா ஓடி வந்து அவரைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என் முழங்காலை. "நோகுதோ?" என்றாள் தமிழில். "இல்லைப் பிள்ளை" என்றேன் நானும் தமிழில்.

"அது என்ன சொல், நீங்கள் கத்தியது?" என்று கேட்டார் வோக்ட்.

மதுரா நிமிர்ந்தாள். "அப்பா. தந்தை என்று அர்த்தம். இவர் என் தந்தை."

வோக்டின் முகம் சிவந்தது. "அப்படியா! குடிசையில் இவர் உங்கள் பக்கம் நின்றது ஆச்சரியமில்லை. அந்த வாக்கு கணக்கில் வராது."

"வாக்கை விடுங்கள்" என்றார் ஃபிராவ் லிண்ட்னர், கண்ணாடியைச் சரிசெய்தபடி. "இப்போது என்னைப் பிடித்தாரே, அதைக் கணக்கில் வையுங்கள்."

புல்வெளிக்கு வந்து சேர்ந்தோம். இடி வரவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. வெயில் எறித்தது. மூடுபனி துணியை இழுத்தது போல விலக, உச்சி, அதன் மேல் சின்னதாகக் கோயிலின் கல் மதில், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. வோக்ட் ஒரு சொல்லும் சொல்லாமல் அதைப் படம் எடுத்தார். திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். பேருந்தில் மதுரா ஒலிவாங்கியை எடுத்தாள்.

"நானும் பார்த்தேன். உங்களில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கும் வருத்தம்தான். நாளைக்கு அதே குடிசை, அதே காற்று என்றால் நாளைக்கும் திருப்புவேன்." ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, பின்னர் மறந்தவள் போல மறுபடி எடுத்து, "இரவுச் சாப்பாட்டுக்கு மூங்கில் குருத்துச் சூப் இருக்கிறது" என்றாள். யாரோ சிரித்தார்கள். வோக்ட் இல்லை.

விடுதியில் ஆண்களுக்குப் பொதுக் குளியல். ஒரு துணியும் இல்லாமல் வெந்நீர்த் தொட்டியில் உட்கார வேண்டும். நாற்பது வருடமாக இடுப்பில் சாரம் கட்டிக் குளித்துப் பழகியவனுக்கு அது ஒரு தனி மலை. கண்ணை மூடிக்கொண்டு இறங்கி, கழுத்து வரை முங்கிய பிறகு திறந்தேன். எதிரே ஹெர் வோக்ட் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் விட்டார்.

"உச்சியில் உங்களுக்கு என்ன வேலை இருந்தது?" என்றார்.

அண்ணையைப் பற்றிச் சொன்னேன். கோப்பையில் சாய்த்த தொலைபேசியைப் பற்றியும் சொன்னேன். ஜேர்மனில் அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அவர் தலையிலிருந்த சின்னத் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அப்படியிருந்தும் திரும்பினீர்களா?"

"அவள் சொன்னாள், திரும்பினேன்."

அவர் ஒரு காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினார். முழங்காலில் நீளமான வெட்டுத் தழும்பு. "டாக்டர் சொல்லிவிட்டார். இனிமேல் மலை கிடையாது. இதுதான் கடைசி." காலைத் தண்ணீருக்குள் விட்டார். "உங்கள் மகளிடம் சொல்ல வேண்டாம்."

நான் தலையசைத்தேன். விரல் நுனிகள் சுருங்கும் வரை இருந்தோம்.

விடிந்ததும் பல் துலக்கப் போனபோது, வாசலில் செருப்புத் தட்டுகளுக்குப் பக்கத்தில் மதுரா உட்கார்ந்திருந்தாள். எல்லோருடைய சப்பாத்துகளுக்குள்ளும் ஈரம் உறிஞ்சப் பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்துக்கொண்டிருந்தாள். என்னுடையது முடிந்திருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளைக் கசக்கினேன்.

"அப்பா, பெரியப்பாக்காகத்தானே வந்தனீங்கள்?"

"ஆர் சொன்னது?"

"அம்மா."

"எப்ப?"

"நீங்கள் பிளேன் ஏற முதலே."

நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். "அப்ப நேற்றுக் குடிசையில, தெரிஞ்சுகொண்டோ திருப்பினனி?"

"ஓம்." அவள் அடுத்த சப்பாத்தை எடுத்தாள். அது வோக்டுடையது, பெரியது. "அதுதான் உங்களைப் பாக்கேல்லை. பாத்திருந்தா எனக்குத் திருப்ப ஏலாமல் போயிருக்கும்."

அவளுக்கு ஏழு வயதில் சைக்கிள் பழக்கியது, பதினேழு வயதில் அவள் ஜப்பானிய எழுத்துகளைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தது, எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் இந்த மனுசியை நான் நேற்றுத்தான் முதல் முறையாகப் பார்த்தேன் என்று தோன்றியது.

"நல்ல காலம், பாக்கேல்லை" என்றேன். "மேலை ஏறி அந்த வயசான மனுசி விழுந்திருந்தா?"

அவள் சப்பாத்தை வைத்துவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்தாள். விமான நிலையத்தில் கிடைக்க வேண்டியது, நாலாம் நாள் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது. உள்ளேயிருந்து காலைச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் வரை எழும்பவில்லை.

"சாத்தோ-சானிட்டைக் கேட்டனான். இண்டைக்குப் போற இடத்தில ஒரு வழி இருக்காம்" என்றாள்.

மூன்றாவது மலை யுதோனோ. பெரிய சிவப்புத் தோரண வாசலைத் தாண்டி, கோயில் பேருந்தில் பள்ளத்தாக்குக்குள் போக வேண்டும். வாசலில் சப்பாத்து, காலுறை எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். படம் எடுக்கக் கூடாது. உள்ளே கண்டதை வெளியே சொல்லக் கூடாது. மற்றவர் கண்டதைக் கேட்கவும் கூடாது. நூற்றுக்கணக்கான வருடங்களாக வருகிறவர்கள் இந்தக் கட்டுப்பாட்டைக் காக்கிறார்களாம்.

வெறுங்காலில் கோயிலுக்குள் நடப்பது எனக்குப் பழக்கம். ஜேர்மன்காரருக்குக் கல் குத்தியது. கொதிக்கும் மணலில் நடப்பவர் போல ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தார்கள். ஹெர் வோக்ட் தடியையும் வாசலில் விட்டுவிட்டதால் தடுமாறினார். என் தோளில் கையை வைத்தார். கனமான கை. அப்படியே உள்ளே போனோம்.

உள்ளே கண்டதை நான் எழுதப்போவதில்லை. பயணக் கட்டுரை எழுதுகிறவன் இப்படிச் சொல்வது அழகில்லை என்று தெரியும். ஆனால் வாக்கு வாக்குத்தான்.

அதற்குப் பக்கத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லலாம் என்று சாத்தோ-சான் அனுமதி தந்தார். அங்கே தண்ணீர் வழிந்துகொண்டேயிருக்கும் ஒரு பாறைச் சுவர் இருக்கிறது. இறந்தவர்களின் பெயரை மெல்லிய தாளில் எழுதி அந்த ஈரத்தில் ஒட்டுவார்கள். தாள் கரைந்து தண்ணீரோடு போனால் அவர்கள் சுத்தமாகிப் போய்ச்சேர்ந்தார்கள் என்று நம்பிக்கை. வழக்கமாகப் பூசகர்தான் தூரிகையால் எழுதித் தருவார். மதுரா அவரிடம் பேசினாள். அவர் தலையசைத்து, தூரிகையை என் கையில் தந்தார்.

தூரிகையால் நான் எழுதியதில்லை. "குணராசா" என்று எழுதினேன். ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மதுரா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனவள், ஆனால் வேகமாக வாசிக்க மாட்டாள். விரலால் தொட்டுத் தொட்டு, "கு... ண... ரா... சா" என்று வாய்விட்டு வாசித்தாள். நான் உச்சியில் கூப்பிட நினைத்த பெயரை, அவள் எழுத்துக் கூட்டி, சின்னப் பிள்ளை வாசிப்பது போல மெதுவாகக் கூப்பிட்டாள்.

ஒட்டினோம். தாள் பாறையோடு படிந்தது. தண்ணீர் அதன் மேலால் போனது. அங்கே ஒட்டியிருந்த ஜப்பானியப் பெயர்களுக்கு நடுவில் எங்கள் எழுத்து உருண்டையாக, கொஞ்சம் குண்டாக இருந்தது. அண்ணையும் அப்படித்தான்.

"பெரியப்பா எப்பிடிச் சிரிப்பார்?" என்று மதுரா கேட்டாள். அவள் அவரைச் சின்ன வயதில் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறாள்.

அண்ணை சத்தமாகச் சிரிக்க மாட்டார். மூச்சை உள்ளே இழுத்து, தோள் மட்டும் குலுங்க, கண்ணில் நீர் வர, கடைசியில் விசில் போல ஒரு சத்தம் வரும். செய்து காட்டினேன். மதுரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பூசகர் திரும்பிப் பார்த்தார். நான் இன்னொரு தரம் செய்தேன். எனக்கு அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டும் ஒரே மாதிரித்தான் இருந்திருக்கும், யாருக்கும் தெரிந்திராது.

டோர்ட்மண்டுக்குத் திரும்பிச் சில வாரங்களில் மதுரா கூப்பிட்டாள். அடுத்த கோடைக்கும் அவளை எடுத்துக்கொண்டார்கள். குழுவில் ஒருவர் பயணத்தைப் பற்றி நல்லதாக எழுதவில்லையாம், யார் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஃபிராவ் லிண்ட்னர் தன் மகளோடு மறுபடி வர இடம் பதிந்திருக்கிறாராம்.

அன்று பின்னேரம் ரொறன்ரோவுக்கு அண்ணிக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணை போன பிறகு அண்ணி வீட்டை விட்டு வெளியே போவது குறைவு. கோயிலில்லை, கல்யாணவீடில்லை. மகள் வந்து கூப்பிட்டாலும், "நீங்கள் போட்டு வாங்கோ, நான் வீட்டைப் பாத்துக்கொள்ளுறன்" என்பாராம். எங்கள் பேச்சும் வழக்கமாகக் கால்வலி, பனி என்று சுருக்கமாக முடிந்துவிடும். இந்த முறை நான் எல்லாவற்றையும் சொன்னேன். மலை, மூடுபனி, திரும்பியது, பாறையில் ஒட்டிய பெயர். அண்ணி இடையில் பேசவேயில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் "அண்ணி?" என்று கேட்டேன். "இருக்கிறன் தம்பி, சொல்லுங்கோ" என்றார்.

சொல்லி முடித்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்.

"அந்தப் பாறைக்குப் பக்கத்தில, உள்ளுக்கை என்ன இருந்தது?"

"அதைச் சொல்லக் கூடாது அண்ணி."

"எனக்குமோ?"

"ஒருத்தருக்கும். ரதிக்கும் சொல்லேல்லை."

"இதென்ன கதை. இவ்வளவும் சொல்லிப்போட்டு!" அவருடைய குரலில் பழைய அண்ணி எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் எல்லோரையும் அதட்டி வேலை வாங்கிய அண்ணி.

"என்ன செய்யிறது அண்ணி. போனால்தான் பாக்கலாம்."

அந்தப் பக்கம் கதிரை ஒன்றை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"தம்பி" என்றார் அண்ணி, "அங்கை எந்த மாதம் குளிர் குறைவு?"